மல்சுன் சொந்தமாக எழுதியது

பியோ மல்சுன் அறுபத்திரண்டு வயதுக்குள் பதினான்கு தொலைக்காட்சித் தொடர்கள் எழுதியவள். அவற்றில் பதின்மூன்றை அவள் கணவன் ஹோசிக்கே மறந்துவிட்டான். முதல் தொடர் மட்டும்தான் நின்றது. தொண்ணூற்று நான்கில் அது ஓடிய சனிக்கிழமைகளில் சியோல் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்று அவள் சொல்லிக்கொள்வாள். அந்த வருஷம் மழை அதிகம் என்பான் ஹோசிக்.

அந்தத் தொடரை ஜப்பானில் எடுக்க விரும்புவதாக டோக்கியோவிலிருந்து ஒப்பந்தம் வந்தபோது மல்சுன் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். 'இக்கதை முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று நான்காவது பிரிவில் கையெழுத்துப் போட வேண்டும்.

கற்பனை செய்த இடம் ஜப்பானைப் பார்த்த துறைமுக ஊரான பூசான். அப்போது ஜப்பான் நாடகங்களுக்குத் தென்கொரியாவில் தடை. ஆனால் பூசான் கடற்கரை விடுதிகளில் ஆன்டெனாவைத் திருப்பினால் அக்கரைப் படம் வந்துவிடும். தொலைக்காட்சி நிலையத்தாரே அறை எடுத்துக் கொடுத்து, கடல் காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று எழுத்தாளர்களை அனுப்புவார்கள். பக்கத்து அறையில் போட்டி நிலையத்துக்காரன் இருப்பான். காலையில் இருவரும் முகம் பார்க்காமல் ஒரே கடையில் பன்றிக்கறி சூப் குடிப்பார்கள்.

மல்சுன் பதினோரு வாரம் காற்று வாங்கினாள். பதினோரு வாரத்தில் ஜப்பான்காரர்கள் கதையையே முடித்துவிட்டார்கள். கணவனைப் பிரிந்தவள் ரயில் நிலையத்தில் நின்று யோசிக்கிறாள், அவ்வளவுதான். நம் ஊரில் இதைக் காட்டியிருந்தால் பெட்டி பழுதென்று தட்டியிருப்பார்கள். மல்சுன் அதை ஐம்பத்திரண்டு வாரம் இழுத்தாள். இழுக்க ஒரு மாமியார் தேவைப்பட்டாள். மருமகள் முகத்தில் தண்ணீர் ஊற்றுகிறவள், நோயை மறைத்துக்கொண்டு நூறு முட்டைக்கோசுக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிறவள்.

"முப்பது வருஷமா யாரும் கேக்கல. இனிமே யாரு கேக்கப் போறா? போட்டுடு," என்றான் ஹோசிக்.

டோக்கியோ நிலையத்திலிருந்து கையெழுத்து வாங்க வந்த குவபாராவுக்கு நாற்பது வயதிருக்கும். கொரிய நாடகம் பார்த்தே கொரிய மொழி கற்றவள். அதனால் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதைக்கூட மரணப் படுக்கையில் சொல்வதுபோல் சொன்னாள். தங்கள் ஊரில் ஒரு வாரம் துப்பறிவாளர் கதை, மறுவாரம் மருத்துவர் கதை, பார்க்க ஆளில்லை, உங்களுடையதோ உலகமெல்லாம் ஓடுகிறது என்று புலம்பினாள். இங்கேயும் இப்போது பன்னிரண்டு பகுதியோடு சரி, பத்து நிமிஷத்துக்குள் பிணம் விழாவிட்டால் முதல் போடுகிறவன் எழுந்து போய்விடுகிறான் என்றாள் மல்சுன்.

பிறகு குவபாரா விஷயத்துக்கு வந்தாள். பத்து வாரம்தான் இடம். மாமியாரை எடுத்துவிட வேண்டும்.

மாமியார் போனால் மிச்சம் என்ன என்று மல்சுன் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். ரயில் நிலையம்தான் மிஞ்சியது.

"அப்ப அது உங்க கதைதாங்க," என்றாள், வாய் தவறி.

குவபாரா காபியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் எழுத்தாளரம்மா. மூணாவது வாரத்துல உங்க கதாநாயகி சோத்துக் கிண்ணத்தைக் கையில தூக்கி வெச்சுச் சாப்பிடுவா. இந்த நாட்டுல யாரு அப்படிச் சாப்பிடுறா? எங்க ஊர்லதான் அப்படி."

மல்சுனுக்குக் காது சுட்டது. எந்த வீட்டில் வளர்ந்தவள் இவள் என்று கேட்ட நேயர்களால் அப்போது இரண்டு நாள் நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. கிண்ணத்தைக்கூட விடாமல் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"அது எங்க நிலையத்து நாடகம். அதையே திரும்ப எடுக்கலாம்னு மூணு வருஷம் கேட்டேன், பழசுன்னாங்க. கொரியக் கதைன்னு சொன்னேன். ஒரே வாரத்துல சரின்னுட்டாங்க," என்றாள் குவபாரா. நான்காவது பிரிவை அடித்துவிடலாம், எங்கள் கதைக்கு உங்களிடம் ஏன் சத்தியம் கேட்க வேண்டும் என்று பேனாவையும் நீட்டினாள்.

பயம் போன இடத்தில் மல்சுனுக்கு ரோஷம் வந்து உட்கார்ந்தது. தன் பேரைப் போட்டுத் தன் வரி ஒன்றுகூட இல்லாத தொடரா?

"மாமியார் இருந்தாத்தான் கையெழுத்து. அந்தக் கதையில நான் பெத்தது அவ ஒருத்தியைத்தான்."

"எங்க ஊர்ல யாரும் மருமக முகத்துல தண்ணி ஊத்த மாட்டாங்க."

"கத்துக்கட்டும்."

குவபாரா வெளியே போய் டோக்கியோவோடு தொலைபேசியில் நெடுநேரம் குனிந்து குனிந்து பேசிவிட்டு வந்தாள். மாமியாருக்கு இரண்டு வாரம். தண்ணீரும் ஊற்றலாம். ஆனால் ஊற்றிய கையோடு, மடித்து வைத்த துண்டு ஒன்றை மருமகளிடம் இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டுவாள்.

மல்சுன் பேனாவை வாங்கினாள். தண்ணீரைவிடத் துண்டுதான் கொடுமை. ஐம்பத்திரண்டு வாரத்தில் தனக்கு அது தோன்றவில்லையே என்ற எரிச்சலோடு கையெழுத்துப் போட்டாள். போடும்போதே, அந்தத் துண்டை அடுத்த தொடரில் எங்கே வைப்பது என்றும் யோசித்துவிட்டாள்.