சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்தவள்

எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் கூட்டல் சொல்லிக்கொடுக்க, அந்தப் பக்கம் ஐந்து வயது வாண்டுகள் ஊரையே கூட்டும். அவள் வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆள் ஒல்லி, குரலும் சுமார். மேடைகளில் பின்னால் நின்று கோரஸ் பாடிய காலம் உண்டாம். முன்னால் வா என்று யாரும் கூப்பிடவில்லை என்பதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து வீடு ஓடுவது இவள் சம்பளத்தில்தான்.

குழந்தைகளுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது பாட்டே இல்லை. தாளத்தில் சும்மா இருக்க வேண்டிய இடம்.

"பாடுறது எல்லாருக்கும் வரும்க்கா. நிறுத்துறதுதான் வராது," என்பாள்.

எட்டு தட்டுக்குப் பாட வேண்டும். அடுத்த எட்டை மனசுக்குள் எண்ண வேண்டும். பிள்ளைகளோ நாலு வருவதற்குள் கத்திவிடுவார்கள். அதனால் அந்த நேரத்துக்கு வாயில் தண்ணீரை வைத்திருந்து, எட்டு முடிந்ததும் விழுங்கச் சொன்னாள். ஒருத்திக்குச் சிரிப்பு வர, தரையெல்லாம் குளம். அந்தப் பக்கமாக வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் வழுக்கி விழாதது அதிசயம்.

"இது பாட்டு கிளாஸா, குழாயடியா? இந்த மாசத்தோட போதும். இந்த நேரத்தைக் கணக்குக்குக் குடுத்துடலாம்."

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு பால் தொண்டையில் இறங்கவில்லை.

"தண்ணியை மட்டும் நிறுத்து. மத்ததை விட்டுடாதே," என்றேன்.

மறுநாளிலிருந்து தண்ணீர் இருப்பதாக நினைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டார்கள். 'பட்டாசு' என்று பெயரெடுத்த ஒரு சிறுமி மட்டும் ஒவ்வொரு தடவையும் காரியத்தைக் கெடுத்தாள். அவள் தூக்கத்திலும் பேசுவாள் என்று பெற்ற அம்மாவே சொல்லியிருக்கிறார்.

மாசக் கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் என் வகுப்புக்குள் வந்து, "நாளையிலிருந்து வர வேண்டாம்னு இன்னிக்கே அவங்ககிட்ட முடிவாச் சொல்லிடுறேன்," என்றார். அந்த நேரம் பார்த்துத் தடுப்புக்கு அப்பால் பாட்டு சட்டென்று நின்றது.

"எல்லாரையும் தூங்க வெச்சுட்டாங்களா?" என்று போய்க் கதவைத் தள்ளினார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

அத்தனை கன்னங்களும் உப்பியிருந்தன.

"என்ன நடக்குது இங்க?"

டீச்சரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், உங்களைத்தான் கேக்கறேன்!"

அவள் வாயைத் திறந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கை போச்சு. திறக்காவிட்டால் வேலை போச்சு. அவள் வாயைத் திறக்கவில்லை.

எட்டு முடிந்தது. ஒரு குரல் முந்தவில்லை, ஒரு குரல் பிந்தவில்லை. பட்டாசு உட்பட எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் தொண்டையைச் செருமினார். பட்டாசு ஓடிவந்து அவர் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், இப்ப நீங்களும். எட்டு வரைக்கும் மூச்!"

அவர் குழந்தையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கன்னத்தை உப்பினார்.

சொல்ல வந்ததை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.