படம் வராத கட்டம்

திண்டிவனத்தில் ஒரு கல்யாணத் தகவல் மையத்துக்கு நான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். பெரிய சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். பேரைத் தட்டினால் நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் வரும். வலது ஓரத்துக் கட்டத்தில் போட்டோ வரும். அவ்வளவுதான். அந்தக் கட்டத்தால் நான் பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ!

விஜயதசமி காலையில் முதலாளி போன் பண்ணினார். "சார், ஜல்தி வாங்க. ஒரு போட்டோவும் வரலை. ஒரே பேஜாரா இருக்குது."

விழுப்புரத்தில் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். எந்தப் பேரைத் தட்டினாலும் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு. ஓகே அழுத்தினால் வெறும் கட்டம். போட்டோக்கள் தனி ஃபோல்டரில் இருக்கும், திரையில் வரும் ஃபார்முக்கு அவை இருக்கும் இடம் மட்டுமே தெரியும். போய்ப் பார்த்தால் ஃபோல்டரையே காணோம்.

"பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணோம் இல்ல சார்? பரண், பீரோ, அப்படியே கம்ப்யூட்டரும். ஃபார்ம்லயே போட்டோ தெரியுதே, தனியா வேற எதுக்குன்னு அழிச்சிட்டேன். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன்" என்றார் முதலாளி, பெருமையாக. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போட்டோக்களை நகல் எடுத்து வைத்த சிடி விழுப்புரத்தில் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

கீபோர்டின் முன்னால் அங்கே வேலை செய்யும் பெண் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்களின் விவரத்தையெல்லாம் ஏற்றியது அவள்தான். அதில் அவள் விவரமும் உண்டு. எத்தனையோ இடம் தட்டிப்போன பிறகு ஒரு ஜாதகம் பொருந்தி, அன்றைக்குத்தான் மாப்பிள்ளையின் அம்மா போட்டோ பார்க்க வருகிறார். அவளுடைய அசல் போட்டோ, முன்பு வேண்டாமென்ற ஒரு வீட்டிலிருந்து திரும்பி வரவே இல்லை. அவள் இங்கே வேலை செய்வதையும் சொல்லக் கூடாது. சொன்னால், பொண்ணே கம்ப்யூட்டர் பொட்டியில பார்த்து மாப்பிள்ளை பொறுக்கிக்கிச்சு என்று பேசுவார்கள். அதனால் ஃபார்மில் 'தனியார் கம்பெனி' என்று போட்டிருந்தாள்.

அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். கீபோர்டுப் பெண்ணே தன் பேரைத் தட்டினாள். அறிவிப்பு வந்தது. ஓகே. காலிக் கட்டம். நான் எதையெதையோ அழுத்திப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"விழுப்புரம் போய் சிடி எடுத்துக்கினு வந்துடறேங்க. சாயங்காலம் பார்த்துடலாம்" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி தெரியலைன்னா என்னா அர்த்தம் தம்பி?"

"மத்தவங்க படமும் வரலைங்க, பாருங்க" என்று வேறு பேர்களைத் தட்டிக் காட்டினேன். எல்லாம் காலி.

"இந்தப் பொண்ணு பேரை எடுத்ததும்தான் எல்லாம் நின்னுபோச்சு. வேணாம், விடுங்க" என்று எழுந்துவிட்டார். முதலாளி என்னென்னவோ சொல்லிக்கொண்டு வாசல்வரை போனார்.

அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, கீபோர்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"உன்ன மாதிரி லட்சணமா, அடக்கமா ஒரு பொண்ணு இருந்தா சொல்லேம்மா."

என் வாய் திறந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டேன்.

"இருந்தா சொல்றேங்க" என்றாள்.