கேட்டுக்குள் இருந்த தோல்

லிக்விடேட்டர் வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் கம்பெனி கேட் முன்னால்தான் கிடந்தார். ஆம்பூரில் நாங்கள் இருவரும் வேலை செய்த தோல் கம்பெனி அது. முதலாளி கடனில் மூழ்கிக் கம்பெனியை மூடிவிட, கோர்ட்டு ஒரு ஆளை அனுப்பியது. உள்ளே இருப்பதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரித்துவிட்டு, கம்பெனிக்குப் பாலூற்றிவிட்டுப் போகிறவர்தான் லிக்விடேட்டர். அந்தப் பங்கில் எங்களுக்கும் சேர வேண்டியது இருந்தது. நின்றுபோன சம்பளம் வந்தால்தான் மகளை நர்சிங்கில் சேர்க்க முடியும்.

யாரோ முரட்டு ஆசாமி வருவான் என்று பார்த்தால், ஒல்லியாக ஒரு சென்னைக்காரர் குடையோடு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

“நான் முதலாளி ஆளும் இல்ல, பேங்க் ஆளும் இல்லைங்க. இருக்கிறத நல்ல விலைக்கு வித்தாத்தான் எல்லாருக்கும் பங்கு. உங்க சம்பள பாக்கி பேங்கோட சேர்ந்து முன்வரிசையிலதான் நிக்குது.”

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. குடோனில் உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல் மலையாகக் கிடந்தது. வாணியம்பாடியிலிருந்து ஒருவர் அதை வாங்க லாரியோடு வந்தபோது, இவர் டயருக்கு முன்னால் போய்ப் படுத்துவிட்டார். மற்ற ஆண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

அன்று வீட்டில் சண்டை.

“தோலு உள்ள கீற வரைக்கும்தான்மே நமக்கு மதிப்பு. அது போய்ட்டா நம்மள யாரு சீண்டுவான்?”

“அது இன்னா தங்கமா, பூட்டி வெக்க? கெட்டுப்போனா இன்னா பண்ணுவீங்க?”

“நீ சும்மா கிட. அந்தாளு பேச்சுல மயங்கிட்ட.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோலோடேயே காலம் தள்ளிய மனுஷன், ஆத்திரத்தில் தோல் எதனால் கெடும் என்பதையே மறந்துவிட்டார். ஆனாலும் அவரை ஒரேயடியாகத் திட்டவும் வாய் வரவில்லை. அடுத்த வாரம் சம்பளம், அடுத்த வாரம் சம்பளம் என்று முதலாளி இழுத்தடித்த காலமெல்லாம், சரக்கை லாரியில் ஏற்றிவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டவர்களும் நாங்கள்தானே.

சித்திரை முடிகிற நேரத்தில் ஒரு கோடை மழை அடித்தது. குடோன் ஷீட் உடைந்து தண்ணீர் இறங்கி, தோலின் உப்பெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. பிறகு அடித்த வெயிலில் நாற்றம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது. தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கே ஜன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று.

என் வீட்டுக்காரர் காவல்காரரிடம் சாவி வாங்கி, குடோன் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனேன். ஒரு தோலை இழுத்து அதன் ரோமத்தைப் பிடித்தார். பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை, கொத்தாகக் கையோடு வந்தது. சுண்ணாம்பில் போடுவதற்கு முன்பே ரோமம் கழன்றால் தோல் அழுகிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு தோலை அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

லிக்விடேட்டர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

“இத அள்ளிக் கொண்டுபோய்ப் புதைச்சாகணும். அந்தச் செலவ முதல்ல கழிச்சிட்டுத்தான் மத்தவங்களுக்குப் பங்கு. வேற வழி இல்லைங்க,” என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். “ஏத்துறதுக்கு ஆள் வேணும். கூலி அன்னன்னிக்கே தந்துடறேன். நீங்க யாராவது வர்றீங்களா?”

அன்று டயருக்கு முன்னால் இவர் படுத்த அதே இடத்தில் இன்னொரு லாரி வந்து நின்றது. முதலில் எழுந்துபோனவர் என் வீட்டுக்காரர்தான்.

சாயங்காலம் வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தார். நாற்றம் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து கூலியை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பழக்கத்தில் நோட்டைப் பிரித்தேன்.

“எண்ணாதமே,” என்றார். “நம்ம பங்குல இருந்து எடுத்துக் குடுத்ததுதான்.”