சிரிப்புக்கென்று ஒதுக்கிய பேச்சு

கனடாவின் மிசிசாகாவில், விமான நிலையச் சரக்குக் கிடங்கில் என்னோடு வேலை செய்தவர் ஒரு தென்னாபிரிக்கர். வீட்டில் ஆபிரிக்கான்ஸ் பேசுகிறவர். நான் நாடகம் போடுகிறவன் என்று தெரிந்ததும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய கதை சொன்னார்.

பிரித்தானியர் ஆட்சியில் கேப்டவுனுக்கு வந்து சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரன். பத்திரிகை நடத்தினான், நாடகம் எழுதினான். அப்போது அங்கே டச்சுதான் மதிப்பான மொழி. ஆபிரிக்கான்ஸ் என்பது அதிலிருந்து கிளைத்து, சமையலறையிலும் தெருவிலும் பேசுகிற பேச்சு. அவன் அதை மேடையில் ஏற்றினான். ஏற்றியது நல்லதுதான். ஆனால் குடிகாரர் வாயில், சிரிப்புக்காக ஏற்றினான். பின்னால் வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். அந்தப் பேச்சில் ஒருத்தி மேடையில் அழலாம் என்று ஆவதற்கு நெடுங்காலம் பிடித்ததாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொறன்ரோவில் எங்கள் மேடையும் இதேதான். அரசனும் காதலனும் செந்தமிழ் பேசுவார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு கேட்டால் கோமாளி வந்துவிட்டான் என்று அர்த்தம். செத்த வீட்டில் நாங்கள் எந்தப் பேச்சில் அழுகிறோம்?

கோபத்தில் ஒரு சிறு நாடகம் எழுதினேன். அந்தப் பிரெஞ்சுக்காரனின் வேலைக்காரி, தன் பேச்சை மேடையில் கேட்டுவிட்டு வந்து அவனிடம் நியாயம் கேட்கிறாள். அவள் என் கற்பனை. அவனுக்குச் செந்தமிழ், அவளுக்கு எங்கள் பேச்சு.

வேலைக்காரியாக நடித்தவர் ஒஷாவாவில் இருக்கும் ஓர் அக்கா. வருடக்கணக்காகச் சண்டைக்காரி, வாயாடி மாமி என்று பகிடி வேடமே போட்டவர். அவர் மேடைக்கு வந்தாலே சனம் சிரிக்கும். ஒருமுறையாவது அழுகிற வேடம் தா என்று என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். வேலைக்குப் போகும் பஸ்ஸில் வசனத்தைப் பாடமாக்கினார்.

ஒத்திகை பார்க்க வந்த, விழா நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், "அவளின்ர பேச்சைச் செந்தமிழில மாத்தும், சனம் சிரிக்கும்" என்றார்.

"உங்கட அம்மா கதைச்ச பேச்சுத்தானே அண்ணை, அதில என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்காபரோ மண்டபத்தில், வழக்கமான பொன்னாடைகளும் பேச்சுகளும் முடிந்து, மத்தியானம் தாண்டி நாடகம் தொடங்கியது. அக்கா நடு மேடைக்கு வந்து பிரெஞ்சுக்காரனாக நடித்தவரை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, நான் கதைக்கிறது உங்களுக்குப் பகிடியா?"

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் கைதட்டினார்கள். அடுத்த வசனம் அந்த வேலைக்காரியின் செத்த பிள்ளையைப் பற்றியது. அதற்கும் சிரித்தார்கள். அக்கா ஒரு வரி விடாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "கலக்கிப்போட்டியள் அக்கா, வயிறு நோகச் சிரிச்சனாங்கள்." தலைவர் வந்து, அடுத்த வருடமும் இப்படியொரு கொமடி தரச் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனேன். வழியெல்லாம் சனத்தைத் திட்டினேன். வீடு நெருங்கியதும் அக்கா, "தம்பி, அடுத்தமுறை எனக்குச் செந்தமிழில எழுதித் தாரும்" என்றார்.

முடியாது என்றேன். அப்படிச் செய்தால் அவர்கள் சிரித்தது சரியென்று ஆகிவிடும் என்றேன்.

"உமக்கு எங்கட பேச்சு வெல்லோணும். எனக்கு ஒருக்கா ஒழுங்கா அழோணும்" என்றார்.

அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அவருக்காகச் செந்தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரிகூட அந்த அக்கா பேசுகிற மாதிரி இல்லை. அடித்து அடித்து எழுதுகிறேன்.