சிரித்த முகத்தில் வைத்த விரல்

எனக்கு எழுபத்தொன்பது வயது. நான் பெற்றது நான்கு, செத்துப்போன நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. அந்தப் பெருமைதான் போன வருடம் என் காலை வாரிவிட்டது.

ஜெலுத்தோங்கில் நான்காவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். எங்கள் பக்கத்து கிளினிக்கில், என்னைப் போல் தள்ளாதவர்களை வீட்டுக்கே வந்து பார்க்க ஒரு ஏற்பாடு உண்டு. வாரம் ஒரு முறை மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வருவாள். பிரஷர் பார்ப்பாள், மருந்தை நாள்வாரியாகப் பிரித்து வைப்பாள், கையைப் பிடித்து நடக்க வைப்பாள்.

ஒரு நாள் வேறொரு பெண் தாள்களோடு வந்தாள். இந்த ஏற்பாட்டால் வயதானவர்களுக்குப் பலன் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாளாம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஐந்து முகங்கள் வரைந்த ஓர் அட்டையை நீட்டினாள். முதல் முகம் அழுதது, கடைசி முகம் வாய் நிறையச் சிரித்தது.

"கால் எப்படிம்மா இருக்கு?"

சிரித்த முகத்தில் விரலை வைத்தேன்.

"குளிக்கப் போய்வர சிரமமா?"

அதற்கும் அதே முகம்.

"மூணு மாசத்துல எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

"நான் ஏன் விழறேன்?"

குளியலறையில் இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் உட்கார்வது விழுவதாகுமா? அதோடு, அந்த முகங்களை மிஸ்ஸிக்குப் போடும் மார்க் என்றே நினைத்துவிட்டேன். அழுகிற முகத்தைத் தொட்டால் அவள் வேலைக்கு வினையாகுமே என்று பயம்.

அடுத்த மாதம் ஒரு நாள் வந்த மிஸ்ஸி, உட்காரவேயில்லை.

"என்னம்மா இது? பேப்பர்ல பார்த்தா நீங்க தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுத்துட்டு ஓடலாம் போல! இனி வீட்டுக்குப் போக வேணாம், அவங்களே கிளினிக்குக்கு வரட்டும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்கம்மா."

"நான் உனக்குத்தானே மார்க் போட்டேன்!"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அம்மா! அது எனக்கு இல்ல, உங்க காலுக்கு!"

எங்கள் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மிஸ்ஸி வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு கோலாலம்பூரில் மகனோடு போய் இருக்க வேண்டியதுதான். இந்த வீட்டை விட எனக்கு மனமில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, வழுக்கி உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அந்தப் பெண்ணை மறுபடி வரச் சொன்னேன்.

வந்தாள். அட்டையை வெளியே எடுக்கவே இல்லை.

"விழுந்தீங்களான்னு கேக்கலம்மா. எங்க எங்க உட்கார்ந்தீங்க, அதைக் காட்டுங்க."

சிரித்துவிட்டேன். குளியலறைக்குக் கூட்டிப்போய் இரண்டு இடத்தையும் காட்டினேன். எழுதி முடித்தவள், "மத்த வீட்லயும் இனிமே இப்படித்தான் கேக்கணும். எத்தனை பேர் உங்கள மாதிரி உட்கார்ந்தாங்களோ!" என்றாள்.

குளியலறையில் இப்போது பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. மிஸ்ஸி வாரம் தவறாமல் வருகிறாள். லிஃப்ட் ஓடுகிற நாளில் கைத்தடியோடு பாசார் வரைக்கும் போய்க் காய் வாங்கி வருகிறேன்.

நம் நோவைப் பார்க்க வந்தவர்களிடம் அதை மறைக்காமல் காட்டுவதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான் என்பது, ஆறு பேரை வளர்த்தவளுக்கு இந்த வயதில்தான் புரிந்தது.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதியது இது. எங்கே, ஒரு தடவை சத்தமாக வாசிம்மா, கேட்போம்.