மூன்று மணி பதினான்கு நிமிடம்

மார்லிஸ் கெஸ்லர் பல் சுத்தம் செய்கிறவள். எங்கள் ஊர் பல் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள் நான், நடீன். வாயைப் பிளந்து படுத்திருக்கிற ஆளிடம் மார்லிஸ் பத்திரிகைகளைப் பற்றிப் பேசுவாள். அந்த ஆளால் "ஆ" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அதை அவள் ஒப்புதல் என்றே எடுத்துக்கொள்வாள்.

2004 அதிபர் தேர்தல் நேரத்தில் ஒஹாயோ மாநிலத்தையே ஆளாளுக்குப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஹார்லன் ஃபால்ஸும் தப்பவில்லை. தொலைபேசியை எடுத்தால் ஒரு வேட்பாளர் பேசுவார், கதவைத் திறந்தால் இன்னொருவரின் ஆட்கள் நிற்பார்கள். மார்லிஸும் நானும் ஒரே கட்சி. நான் கொடி பிடிக்கிற ரகம். வீடு வீடாகப் போவேன், துண்டுக் காகிதம் கொடுப்பேன், கூட்டத்துக்கு நாற்காலி போடுவேன். அவள் ஒரு கூட்டத்துக்கும் வரமாட்டாள்.

"அங்க வந்தா உன்னை மாதிரி நானும் கை தட்டுவேன். கை தட்டினவ எழுதுறதை எவன் நம்புவான்?" என்பாள்.

அவள் எழுதியது வலைப்பதிவில். பெயர் 'மடிப்புக்குக் கீழே'. பத்திரிகைக்காரர்கள் பிடிக்காத செய்தியை முதல் பக்க மடிப்புக்குக் கீழே ஒளித்துவைப்பார்களாம், அதைத் தோண்டி எடுப்பதுதான் அவள் வேலையாம். தினமும் விடிவதற்கு முன் எழுந்து, எங்கள் ஊர் 'கூரியர்' பத்திரிகையை வரி வரியாகப் படிப்பாள். போன வாரம் அவர்கள் எழுதியதையும் இந்த வாரம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். யாருக்கும் போன் செய்து கேட்கமாட்டாள். "மனுஷங்க மாத்திப் பேசுவாங்க, ஆவணம் மாத்திப் பேசாது" என்பது அவள் வாதம். பதிவுக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். தப்பாக எழுதிவிட்டால் அந்த வரியை அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு அப்படியே விட்டு, மேலேயே திருத்தத்தை எழுத வேண்டும். இரண்டு வருஷத்தில் அப்படி நாலைந்து கோடுகள்தான். எல்லாம் சில்லறை விஷயம்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் ஆளுக்கு வாக்குக் கேட்க ஒரு செனட்டர் வந்தார். உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அரங்கில் கூட்டம். இரண்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்தது. நாங்கள் எண்ணூறு நாற்காலி போட்டிருந்தோம். வந்தது முந்நூறு பேர். எனக்கு அழுகை வராத குறை. கூரியரின் படக்காரர் வேர்ன் பிக்கெட் வந்திருந்தார். முப்பத்தொரு வருஷமாக ஊரில் கல்யாணம், தீவிபத்து, பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் படமெடுத்தவர். என் மகனின் படமும் அவர் எடுத்ததுதான். பின்வரிசைகளை மேலிருந்து எடுக்க ஒரு நாற்காலியில் ஏறினார். அது ஆடியது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். செனட்டர் பேசிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை அந்தப் படம் முதல் பக்கத்தில், மடிப்புக்கு மேலேயே வந்தது. வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். தலைப்பு: 'ஆர்வம் எங்கே போனது?'

நான் வேலைக்கு வந்தபோது மார்லிஸ் என் மேசைக் கணினியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"மாட்டினாங்கடி. இந்தப் படம் கூட்டம் நடக்கும்போது எடுத்ததே இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"கூரியர் இணையதளத்துல படத்தை முழுசா போட்டிருக்காங்க. இந்தப் புது கேமரா இருக்கே, ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எடுத்த நேரத்தை எழுதி வச்சிடும். திறந்து பாத்தேன். மூணு மணி பதினாலு நிமிஷம். கூட்டம் மூணுக்கே முடிஞ்சு போச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் காலி நாற்காலியைப் படம் புடிச்சு, யாருமே வரலைன்னு போட்டிருக்கான்."

எனக்குத் தெரியும். நாற்காலி பிடித்த கை என்னுடையது. ஆனால் வாய் திறக்கவில்லை. வேர்ன் பிறகு இன்னொரு படமும் எடுத்திருப்பார், அதைத்தான் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பதிவு இனித்தது. முந்தின நாள் பட்ட அவமானத்துக்கு யாரோ மருந்து போட்ட மாதிரி இருந்தது.

"நான் காலையிலயே போட்டுட்டேன்" என்றாள்.

பதிவின் தலைப்பு, 'வேர்ன் பிக்கெட் எடுத்த பொய்'. பெயரோடு.

பத்து மணிக்குள் தலைநகரில் இருக்கிற ஒரு பெரிய பதிவர் தன் பக்கத்தில் அதற்குச் சுட்டி கொடுத்துவிட்டார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். வழக்கமாக இருநூறு பேர் படிக்கிற பதிவை மதியத்துக்குள் நாற்பதாயிரம் பேர் படித்திருந்தார்கள். பின்னூட்டங்களைப் படிக்கவே முடியவில்லை. 'இந்த ஆள் எங்கே குடியிருக்கிறான்?' என்று ஒருவன் கேட்டிருந்தான். இன்னொருவன் தெருப் பெயரையே போட்டிருந்தான். மார்லிஸ் அதை உடனே எடுத்துவிட்டாள்.

ஒரு மணிக்கு எங்கள் டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்தார். "கூரியர் ஆபீஸ்ல போன் ஓயவே இல்லையாம். வேர்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. விசாரிச்சு புதன்கிழமை முடிவு சொல்வாங்களாம். முப்பது வருஷம் இருந்தவர், பாவம்" என்றார். மார்லிஸ் எழுதிய விஷயம் அவருக்குத் தெரியாது. அவர் கணினி பக்கமே போகமாட்டார்.

மார்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டாள். "பாவம்தான். ஆனா பொய் சொன்னாரே" என்றாள். குரலில் காலையில் இருந்த வேகம் இல்லை.

இரண்டு மணிக்கு ஆர்லோ வந்தார். சோளம் போடுகிறவர், எண்பது வயது. மூன்று மணிக்கு நேரம் குறித்திருந்தேன். கோடை நேரம் முடிந்து நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிற ஞாயிறு முந்தின நாள்தான். வருஷா வருஷம் அதற்கு மறுநாள் இப்படி இரண்டு பேராவது வந்து நிற்பார்கள்.

"ஆர்லோ, கடிகாரத்தைத் திருப்பலையா? இப்ப ரெண்டுதான் ஆகுது" என்றேன்.

"அட! எம் பொஞ்சாதி இருந்தவரைக்கும் அவதான் திருப்புவா. நான் எங்க கண்டேன்" என்றார்.

உள்ளே சுரண்டுகிற சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். மார்லிஸ் கொக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கீழே ஒரு வங்கிக்காரர் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். "ஒரு நிமிஷம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு நேராக என் கணினிக்கு வந்தாள்.

கூரியர் தளத்தில் வேர்ன் ஞாயிறன்று எடுத்த வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். தீயணைப்பு நிலையத்தில் காலையில் அப்பம் சுட்டுப் போட்ட விருந்து. படத்தில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஒன்பது ஐந்து. படத்துக்குள் கேமரா எழுதி வைத்திருந்தது, பத்து ஐந்து.

"அந்தக் கேமராவை அவருக்கு வசந்த காலத்துலதான் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் இப்பதான் முதல் தடவையா நேரம் மாறியிருக்கு. அதுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "மூணு பதினாலு இல்ல, நடீன். ரெண்டு பதினாலு. என் வீட்டுல அடுப்புக் கடிகாரம், கார் கடிகாரம் எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை காலையில நான்தான் திருப்பினேன். இது தோணலையே எனக்கு."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அங்க இருந்தியே. ரெண்டேகாலுக்கு நாற்காலி காலியாவா இருந்துச்சு?"

"காலியாத்தான் இருந்துச்சு."

"காலையில ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே" என்றேன். சொன்ன உடனே என் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. உள்ளே போய் வங்கிக்காரரின் மீதிப் பல்லைச் சுத்தம் செய்து, வாய் கொப்பளிக்க வைத்து, அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

நான் அவள் தோளைப் பிடித்தேன். "இப்பவே போடப் போறியா? பைத்தியமா உனக்கு? நாளைக்கு ஓட்டு. நம்மாளு இங்க ஆயிரம் ஓட்டுல ஜெயிப்பாரோ தோப்பாரோ தெரியாது. எதிராளிங்க இதை வச்சே நம்மைக் கிழிப்பாங்க. நாளைக்கு ராத்திரி ஏழரைக்கு வாக்குச்சாவடியை மூடட்டும். ஏழு முப்பத்தொண்ணுக்குப் போடு. ஒரு நாள்தானே!"

"அந்த ஒரு நாள் வேர்னுக்கு எப்படிப் போகும்?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. நீ போட்டா நமக்கு ஆகும்."

"நடீன்," என்றாள், திரும்பாமலே, "ரெண்டு வருஷமா கூரியர்காரங்களை இதுக்குத்தான் திட்டிட்டிருக்கேன்."

தலைநகரப் பதிவருக்கும் எழுதிவிட்டாள் போலிருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்கே போன் வந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆள் பேசியது எனக்கே கேட்டது. "அம்மா தாயே, உறுதியாகுறவரைக்கும் பொறுங்க. ஒரு சுவர்க் கடிகாரத்தை வச்சு எப்படி முடிவு பண்றது?"

"காலையில ஒரு கேமராக் கடிகாரத்தை வச்சு முடிவு பண்ணினோமே, அப்ப நீங்க பொறுக்கச் சொல்லலையே" என்று போனை வைத்தாள்.

மூன்று மணிக்கு முன்பே திருத்தம் ஏறிவிட்டது. காலையில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே கோடு. மேலே: 'வேர்ன் பிக்கெட் பொய் சொல்லவில்லை. அவர் பெயரைக் கெடுத்தது நான். கேமராவின் நேரம் ஒரு மணி முந்தி இருந்தது. ஒரே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.' நான் அங்கே இருந்ததைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மொத்தப் பழியையும் அவளே சுமந்துகொண்டாள்.

பிறகு வேர்ன் வீட்டுக்குப் போன் செய்தாள். அவர் மனைவி எடுத்து, "அவர் படுத்திருக்கார்" என்று வைத்துவிட்டாள். கூரியர் ஆசிரியர் டில் என்பவரிடம் பேசினாள். "தேர்தல் நேரத்துல யார் சொல்றதை நம்புறதுன்னு எனக்கே தெரியலை. காலையில ஒண்ணு சொல்றீங்க, மதியம் ஒண்ணு சொல்றீங்க. புதன்கிழமை பாக்கலாம்" என்றாராம் அவர். சாயங்காலம் பார்த்தபோது திருத்தத்தைப் படித்தவர்கள் தொள்ளாயிரம் பேர். காலைப் பதிவுக்குச் சுட்டி கொடுத்த ஐந்து பேரில் ஒருவர்தான் இதற்கும் கொடுத்திருந்தார். எங்கள் கட்சிக்காரர்களே அவளை விலை போனவள் என்று எழுதினார்கள். அன்று அவளை வீட்டில் இறக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் வாக்குச்சாவடி. மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசை வாசலைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தையும் தாண்டி நின்றது. இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். மார்லிஸும் நானும் ஒரே குடைக்குள் நின்றோம். முக்கால்வாசி தூரம் வந்த பிறகுதான் வரிசை வளைகிற இடத்தில் எங்களுக்கு எதிரே வேர்ன் நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு தேர்தலிலும் இந்த வரிசையை வெளியே நின்று படமெடுப்பவர். அன்று வரிசைக்குள் நின்றார். கழுத்தில் ஒன்றும் இல்லை.

மார்லிஸ் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு மழையில் இரண்டடி முன்னால் போனாள். "வேர்ன், தப்பு என்னோடது. டில்கிட்ட சொன்னேன். திரும்பவும் போய்ச் சொல்றேன்."

"படிச்சேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போயிருந்தார். "எனக்கு அந்தக் கேமராவுல கடிகாரம் இருக்கிறதே தெரியாதும்மா. நீ தப்புன்னு தெரிஞ்சதும் சொல்லிட்ட. அதுக்கு மேல உன்னை நான் என்ன சொல்ல?"

பிறகு அவர் பார்வை என் பக்கம் திரும்பியது.

"அங்க முந்நூறு பேர் இருந்தீங்க. நேத்து முழுக்க போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், நடீன். யாராவது ஒருத்தர் ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஆமா, நாங்க இருக்கும்போதுதான் எடுத்தார், காலியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுவீங்கன்னு. ஒருத்தர்கூடக் கூப்பிடலை."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் ஞாயிற்றுக்கிழமை என்னோடு நாற்காலி போட்டவர்களும் இருந்தார்கள். மார்லிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குடையை அவள் கையில் திணித்தேன்.

"எங்க போற?" என்றாள்.

"கூரியருக்கு."

"இடம் போயிடும்டி. திரும்பக் கடைசியில இருந்து நிக்கணும்."

"நிக்கிறேன்."

கூரியர் அலுவலகம் தெருவின் எதிர்ப்பக்கம்தான். டில் மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் இரண்டு காகிதம் நனைந்தது. நான் யார், அந்த நேரம் எங்கே நின்றேன், எந்த நாற்காலியைப் பிடித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களும் அந்த செனட்டரோட கட்சிதானே?"

"ஆமா."

"நேத்தே ஏன் வரலை?"

வரும் வழியில் அதற்கு நாலு பதில் யோசித்து வைத்திருந்தேன். அந்த நாலையும் விட்டேன்.

"நேத்து எங்களுக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது" என்றேன்.

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.