மொட்டைத் தலையும் பரீட்சைக் கேமராவும்

என் சித்தப்பா மகன் சோலைச்சாமிக்கு மூத்த மகள் முனீஸ்வரி. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பயிற்சி மேனேஜர். யாருக்கு எந்த மெஷினில் பயிற்சி, யார் சான்றிதழ் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. புது மெஷின் வந்ததும் கூமாப்பட்டிப் பையன்கள் ஆறு பேருக்குப் பயிற்சி கொடுத்தாள். கம்ப்யூட்டர் பரீட்சையில் தேறாவிட்டால் அவர்கள் மூட்டை தூக்கும் பழைய வேலைக்கே போக வேண்டும்.

பரீட்சையன்று ஆறு பேரும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அடையாள அட்டைப் படத்திலோ தலை நிறைய முடி. முகம் படத்தோடு ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் கேமரா பரீட்சைக்குள் விடும்.

“ஏலே, பாஸான பொறவுதானல மொட்டை போடணும்?” என்றாள் முனீஸ்வரி.

“முன்னாலயே போட்டுட்டா ஆத்தா மறுக்க மாட்டான்னு நெனச்சோம்க்கா” என்றான் சிவபாண்டி.

“ஆத்தா மறுக்க மாட்டா. கேமரா மறுக்குமேலே!”

முதலில் சிவபாண்டியை உட்கார வைத்தாள். கேமரா சற்று நேரம் முழித்தது. பிறகு பச்சை காட்டியது. அது முடியைப் பார்ப்பதில்லையாம், கண்ணையும் மூக்கையும்தான் பார்க்குமாம். மற்றவர்களும் வரிசையாக உள்ளே போனார்கள். சாயங்காலம் எல்லோரும் தேறிவிட்டதாகச் செய்தி வந்தது.

அன்று நேராக என் வீட்டுக்கு வந்தவள், “அப்பாடா, பெரியப்பா” என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.